படகை இழுக்க எந்த வாகனம்? ஒன்ராறியோவில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஏப்ரலில் ஏரிகளின் பனி உடைந்ததும் தெரிந்தவர்களிடமிருந்து தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "அண்ணா, ஒரு போட் வாங்குவம் எண்டு யோசிக்கிறன். இழுக்கிறதுக்கு ட்ரக் ஒண்டும் எடுக்க வேணுமோ?" கேட்பவரின் வீட்டு வாசலில் பெரும்பாலும் சியென்னாவோ ஒடிசியோ என்று ஒரு மினிவான் ஏற்கெனவே நிற்கும். பெரிய தவணையில் பிக்கப் எடுத்து, வருடத்தில் ஆறு தடவை படகை இழுத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் அதில் தனியாக வேலைக்குப் போய்வருகிறவர்களை எனக்குத் தெரியும். சின்னக் காரில் பெரிய படகைக் கொழுவிக்கொண்டு நெடுஞ்சாலையில் நெஞ்சு படபடக்கப் போனவர்களையும் தெரியும். இரண்டு பேரும் செய்த பிழை ஒன்றுதான். வாகனத்தை முதலில் முடிவுசெய்துவிட்டார்கள், பாரத்தைப் பிறகுதான் யோசித்தார்கள்.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருந்துகொண்டு வார இறுதியில் சிம்கோ ஏரிக்கும் ஸ்கூகொக்கிற்கும் ரைஸ் லேக்கிற்கும் போகிற நம்மவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு மாகாணத்தில் இருப்பவர்கள் சட்டம் பற்றிய பகுதியை மட்டும் அங்குள்ள விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதைக் கொண்டுபோகப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, ஏரிக்குக் கொண்டுபோகப் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். படகு, மோட்டர், ட்ரெயிலர், பெற்றோல் தாங்கி, பற்றரி, நங்கூரம், ஐஸ் நிரப்பிய கூலர், கூடாரம், சமையல் சாமான், பிள்ளைகள், கூட வரும் மாமா மாமி. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் எடையைப் போடுங்கள். இங்கே இழுவை அளவுகளை எல்லோரும் இறாத்தலில்தான் பேசுவார்கள், அதனால் நானும் அப்படியே சொல்கிறேன்.

தோராயமாகக் கணக்கு இப்படி வரும். 16 அடி கனூ, கெவ்லர் என்ற இலேசான இழையில் செய்தது என்றால் 45 இறாத்தலுக்குள் நிற்கும்; பிளாஸ்டிக் என்றால் 80ஐத் தொடும். பத்தடி கயாக் 50 இறாத்தல் சுமார். மீன்பிடிக்கென்றே வரும் அகலமான கயாக்குகளில் பல 100ஐத் தாண்டிவிடும், அதை ஒருவர் தனியாகத் தலைக்கு மேலே தூக்க முடியாது. 14 அடி அலுமினியப் படகு, 20 குதிரைவலு மோட்டர், ட்ரெயிலர், சாமான் எல்லாம் சேர்த்து 800 முதல் 1,000 இறாத்தல். 16 அடிப் படகில் 60 குதிரைவலு என்றால் 2,200 முதல் 2,500. பதினெட்டு அடிக்கு மேலே போய் 150 குதிரைவலு மோட்டரும் வைத்தால் 3,500ஐயும் தாண்டும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் படகின் எடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் வெறும் உடலின் எடை. மோட்டர், ட்ரெயிலர், எரிபொருள் எதுவும் அதில் சேராது. பெற்றோல் மட்டும் 100 லீற்றருக்கு 75 கிலோ சுமார் வரும். பழைய படகு வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் மிதவை நுரை பல வருடமாகத் தண்ணீர் குடித்திருந்தால் படகு எவ்வளவு கனக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சந்தேகம் வந்தால் பாரவண்டிகள் நிற்கும் ட்ரக் ஸ்டொப்பில் உள்ள தராசில் ஏற்றி நிறுத்துப் பாருங்கள். சில டொலர்தான் செலவு.

கூரையா, ட்ரெயிலரா?

கனூவும் கயாக்கும் மட்டும்தான் என்றால் இழுவையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு சாதாரண கொரொல்லாவே போதும். பார்க்க வேண்டியது கூரை தாங்கும் அளவு. வாகனத்தின் கையேட்டில் இருக்கும். பல கார்களில் 100 முதல் 165 இறாத்தலுக்குள் அடங்கும். படகை வைக்கக் கூரையில் பூட்டும் குறுக்குச் சட்டங்களின் எடையும் அதில்தான் சேரும். கூரை முழுக்கக் கண்ணாடியாக வரும் புதிய மாடல்களில் சட்டம் பூட்டவே இடமிருக்காது, வாங்குமுன் விசாரியுங்கள்.

கடையில் நிற்கும்போது யாருக்கும் தோன்றாத விஷயம் உயரம். உயரமான எஸ்யூவி கம்பீரமாக இருக்கும். மாலையில் களைத்துப்போய், நனைந்த கையோடு, 70 இறாத்தல் கனூவை அதன் கூரைக்கு ஏற்றும்போதுதான் தெரியும். நான் ஐந்தடி ஆறு அங்குலம். பக்கத்துவீட்டுக்காரரின் பெரிய எஸ்யூவியில் ஏற்ற எனக்கு ஏணிப்படி தேவைப்பட்டது, என் பழைய செடானில் தனியாளாக ஏற்றுவேன். அதனால் கார் பார்க்கப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள்: பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் கூரையின் நடுப்பகுதி எட்டுகிறதா என்று பாருங்கள்.

கட்டுவதற்கு, பல்சக்கரம் வைத்து இறுக்கும் பட்டி வேண்டாம். அது படகின் உடலை நசுக்கிவிடும். கொக்கிப்பூட்டு வைத்து கையால் இழுத்து இறுக்கும் பட்டியே நல்லது. பட்டியில் ஒரு முறுக்குப் போட்டால் காற்றில் ஊளையிடாது. முன்னாலும் பின்னாலும் கயிறு கட்டாமல் 401 நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிக்கப்பின் பெட்டியில் கயாக் வைப்பவர்களும் உண்டு. வாகனத்தின் பின்பக்கத்துக்கு வெளியே 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடி, இருட்டில் சிவப்பு விளக்கு கட்ட வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம்.

கதவுக்குள் இருக்கும் அந்தச் சின்ன லேபிள்

இனி ட்ரெயிலருக்கு வருவோம். கார் விற்பவர் சொல்லும் எண் ஒன்றே ஒன்றுதான்: "இது 3,500 இழுக்கும்." அந்த எண் உண்மையானதுதான், ஆனால் அதை மட்டும் நம்பிப் படகு வாங்கக் கூடாது. இதை எனக்குக் கற்றுத் தந்தவர் குருநகர்க் கரையில் வளர்ந்த அண்ணை ஒருவர். இங்கே வந்து நாற்பது வருடம், இன்னும் வருடத்துக்கு இருபது தடவையாவது தண்ணீரில் இறங்குகிறவர். நான் ஒரு வானை வாங்கலாமென்று அவரிடம் காட்டியபோது அவர் டயரையும் பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை. சாரதி பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, தூணில் ஒட்டியிருந்த மஞ்சள் வெள்ளை லேபிளில் விரலை வைத்தார். "தம்பி, கண்ணாலை நிறுக்காதை. இதை வாசி."

அதில் எழுதியிருப்பது, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்பது. கிலோவிலும் இறாத்தலிலும் இருக்கும். ஒரே மாடலில்கூட வாகனத்துக்கு வாகனம் மாறும். சூரியக்கூரை, தோல் இருக்கை என்று வசதி கூடக் கூட இந்த எண் குறையும். ட்ரெயிலரின் மூக்கு வாகனத்தின் பின்புறத்தை அழுத்தும் எடையும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். அந்த அழுத்தம் ட்ரெயிலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு சுமார் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வானின் லேபிளில் 1,300 இறாத்தல் என்று இருக்கிறது என்று வையுங்கள். பெரியவர்கள் நான்கு பேர், ஆளுக்கு 170 என்றால் 680. பிள்ளைகள் இரண்டு பேர், 160. கூலர், கூடாரம், சோற்றுப் பானை, அடுப்பு எல்லாம் 200. இதுவரை 1,040. பின்னால் 2,400 இறாத்தல் படகு, அதன் மூக்கு அழுத்தம் 240. ஆக 1,280. ட்ரெயிலரைக் கொழுவப் பிறகு பூட்டிய ஹிட்ச் இரும்பு ஒரு 40. எல்லை தாண்டிவிட்டது. 3,500 இழுக்கும் என்று சொன்ன அதே வான், 2,400 இறாத்தல் படகோடு நிரம்பிவிட்டது. ஆறு பேருக்குப் பதில் மூன்று பேர் போனால் அதே வானில் அதே படகு சுகமாகப் போகும். அதனால்தான் யார் யார் வருவார்கள் என்பதையும் தாளில் எழுதச் சொன்னேன். நம்முடைய பயணங்களில் ஆட்கள் கூடத்தான் செய்வார்கள், அதை மறைத்துக் கணக்குப் போட்டுப் பயனில்லை.

எண்கள்: ஒரே பெயர், வேறு வேறு பலம்

வாகனத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். 2019 முதல் 2024 வரை வந்த ராவ்4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பெற்றோல் மாடல் 1,500 இறாத்தல், ஹைப்ரிட் 1,750, ட்ரெயில் என்ற மாடல் 3,500. மூன்றும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் நிற்கும். பழைய வாகனச் சந்தையில் "ராவ்4, நல்லா இழுக்கும்" என்று யாராவது சொன்னால் எந்த ராவ்4 என்று கேளுங்கள். ஹைலாண்டரில் 2020க்குப் பிறகு வந்த பெற்றோல் மாடல் 5,000, ஹைப்ரிட் 3,500. போர்ட் மாவரிக் 2,000. இழுவைப் பொதியோடு தொழிற்சாலையிலிருந்தே வந்திருந்தால் 4,000.

14 அடி அலுமினியப் படகுக்கு ராவ்4, சிஆர்வி பெற்றோல் மாடல், ஃபொரஸ்டர் போன்றவை போதும், 1,500க்குள் அடங்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என்னுடைய முதல் தெரிவு மினிவான்தான். சியென்னாவும் ஒடிசியும் 3,500 இறாத்தல் இழுக்கும். பின் இருக்கையை மடித்தால் தூண்டில் தடிகளை மடிக்காமலே வைக்கலாம், மழை வந்தால் உள்ளே இருந்து சாப்பிடலாம். 2021 முதல் வரும் சியென்னா எல்லாமே ஹைப்ரிட் என்பதால் வேலைக்குப் போய்வரும் நாட்களில் எரிபொருள் செலவும் குறைவு. 16, 17 அடிப் படகோடு ஆட்களும் அதிகம் என்றால் ஹைலாண்டர் பெற்றோல் மாடல், நான்கு சக்கர இழுவையுள்ள (AWD) பைலட், ரிட்ஜ்லைன் என்று 5,000 இழுப்பவற்றைப் பாருங்கள். 4,000 இறாத்தலைத் தாண்டும் படகு, மாதத்துக்கு மூன்று நான்கு தடவை, தூரப் பயணம் என்றால்தான் பெரிய பிக்கப்புக்குப் பணம் போடுவதில் நியாயம் இருக்கிறது. அப்போது தயங்காமல் போடுங்கள். அந்த வேலையை வானிடம் கேட்கக் கூடாது.

மின்சார வாகனங்களும் இழுக்கும். டெஸ்லா மாடல் வை 3,500 இறாத்தல். ஆனால் ட்ரெயிலரோடு போகும்போது ஓடக்கூடிய தூரம் பாதியளவுக்குக் குறைவது சாதாரணம். பல மின்னேற்று நிலையங்களில் ட்ரெயிலரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். ஸ்கூகொக் போய்வரப் பிரச்சினை இல்லை. வடக்கே நீண்ட தூரம் போகிறவர்கள் வழியைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ராம்ப்பில் என்ன நடக்கும்

நெடுஞ்சாலையில் சுகமாக இழுத்த வாகனம் ஏரிக்கரையில் மூச்சுத் திணறலாம். படகு இறக்கும் ராம்ப் சரிவாக இருக்கும், தண்ணீர் ஓரத்தில் பாசி பிடித்து வழுக்கும். மேலே ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் போகும், முன்சக்கரங்கள் லேசாகிவிடும். முன்சக்கர இழுவையுள்ள வான்கள் அந்த இடத்தில் சக்கரம் சுற்றிப் புகை கிளப்புவதை நானே கண்டிருக்கிறேன். 14 அடிப் படகுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. அதைவிடக் கனமானது என்றால் நான்கு சக்கர இழுவையுள்ள மாடலைத் தேடுங்கள். பனிக்காலத்துக்கும் அது உதவும்.

ஹிட்ச், உருண்டை, விளக்கு

வாகனம் முடிவானதும் ஹிட்ச். இதில் வகுப்புகள் உண்டு: முதல் வகுப்பு 2,000 இறாத்தல் வரை, இரண்டாம் வகுப்பு 3,500 வரை, மூன்றாம் வகுப்பு அதற்கு மேல். மூன்றாம் வகுப்பு ஹிட்ச்சைப் பூட்டிவிட்டால் 1,500 இழுக்கும் கார் 5,000 இழுக்காது. எது பலவீனமானதோ அந்த எண்தான் உங்கள் எண்.

ஹிட்ச்சில் பூட்டும் உருண்டையின் மேல்தான் ட்ரெயிலரின் மூக்கு உட்காரும். அந்த உருண்டையின் அளவு மூக்கில் பொறித்திருக்கும், 1⅞ அங்குலம் அல்லது 2 அங்குலம். 2 அங்குல மூக்கை 1⅞ உருண்டையில் வைத்தால் பூட்டியதுபோலத் தோன்றும், முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள், மூக்கு கழன்று விழுந்தாலும் அது தாங்கிக்கொள்ளும். சின்ன ட்ரெயிலருக்கு நான்கு முனை விளக்கு இணைப்புப் போதும். மின்சாரப் பிரேக் இருந்தால் ஏழு முனை வேண்டும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள ட்ரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். சாதாரண ஜி அனுமதிப்பத்திரத்தில் 4,600 கிலோ வரை இழுக்கலாம், ஆகவே தனி அனுமதிப்பத்திரம் தேவைப்படாது. ட்ரெயிலருக்குத் தனி இலக்கத்தகடு வேண்டும், அதை ஒருமுறை எடுத்தால் வருடாவருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. காப்புறுதி முகவருக்கும் சொல்லிவிடுங்கள்.

பாரத்தை எங்கே வைப்பது

என் முதல் படகு 14 அடி. ரைஸ் லேக்குக்குப் போக அதிகாலையில் கிளம்பினோம். பெற்றோல் தாங்கி, பற்றரி, ஐஸ் நிரப்பிய கூலர் எல்லாவற்றையும் படகின் பின்பக்கம் வைத்திருந்தேன், இறக்குவதற்குக் கைக்கு எட்டுமே என்று. 401இல் போமன்வில் தாண்டியதும் ஒரு பாரவண்டி எங்களை முந்தியது. அது கிளப்பிய காற்றில் ட்ரெயிலர் ஒருதரம் அசைந்தது, அப்புறம் அடங்கவில்லை. வால் ஆட்டுவதுபோல இடமும் வலமும் வீசத் தொடங்கியது. கண்ணாடியில் படகு ஒரு தடவை இந்தப் பக்கம் தெரிந்தது, மறு தடவை அந்தப் பக்கம். பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பவும் இல்லை. காலை அக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வேகம் 70க்கு இறங்கியபிறகுதான் அடங்கியது. அடுத்த வெளிவழியில் இறங்கி, ட்ரெயிலரின் மூக்கைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கையால் வந்தது.

மூக்கில் பாரம் போதாவிட்டால் ட்ரெயிலர் அப்படித்தான் ஆடும். கூலரையும் பற்றரியையும் முன்னுக்கு மாற்றியதும் மிச்சத் தூரம் அசையாமல் வந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் முதல் பயணத்துக்கு முன் வீட்டுக் குளியலறைத் தராசை ட்ரைவ்வேக்குக் கொண்டுவருவேன். தட்டையான இடத்தில் ட்ரெயிலரை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, தராசின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி, வழக்கமாகக் கொழுவும் உயரத்திலேயே மூக்கை இறக்கி வைத்துப் பார்ப்பேன். 900 இறாத்தல் ட்ரெயிலருக்கு 90 சுமார் காட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

பழைய வாகனம் வாங்கும்போது

இங்கே பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு வாகனத்தின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். மேலே மினுங்கும் வாகனத்தை நம்பாமல், கராஜில் தூக்கிவைத்து ஹிட்ச் பூட்டும் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஹிட்ச் பூட்டியிருந்தால் நல்லதுதான், ஆனால் முந்தியவர் எதை இழுத்தார் என்று கேளுங்கள். கியர் எண்ணெய் கறுத்துக் கருகிய மணம் வந்தால் அவர் அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நிறுத்த இடம். டவுன்ஹவுஸ் வாசலில் ட்ரெயிலர் நிறுத்த நகரசபை விதி அனுமதிக்கிறதா என்று முதலே பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மனதைத் தளரவிட வேண்டாம். காற்றடித்துப் பயன்படுத்தும் கயாக் காரின் பின்பெட்டிக்குள்ளேயே அடங்கும். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை மட்டும் போகிறவர்கள் ஏரிக்கரை மரீனாவில் படகை வாடகைக்கு எடுத்தால், வாகனம் பற்றிய இந்தத் தலையிடி முழுவதும் இல்லாமலே போய்விடும்.

முதல் பயணத்துக்கு முன்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வெறுமையாகக் கிடக்கும் பிளாசா வாகனத் தரிப்பிடத்துக்கு ட்ரெயிலரைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள். கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்தால் கை எந்தப் பக்கம் போகிறதோ ட்ரெயிலரும் அந்தப் பக்கம் போகும். ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். முதல் தடவை ஏரிக்குப் போவது வார நாளாக இருக்கட்டும். சனிக்கிழமை காலை ராம்ப்பில் பின்னால் பத்துப் பேர் காத்துக்கொண்டு நிற்கும்போது பழகுவது கடினம்.

திரும்பும்போது ஒன்று மறக்க வேண்டாம். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படகை வீதியில் ஏற்றுமுன் வடிகால் மூடியைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், ஒட்டியிருக்கும் தாவரங்களையும் அகற்ற வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்ற ஆக்கிரமிப்பு உயிரினங்கள் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல் இருக்கத்தான் இந்த விதி. கழற்றிய மூடியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டால் அடுத்த தடவை அது வீட்டில்தான் இருக்கும். ஒரு மேலதிக மூடியை வாங்கி வாகனத்தின் கையுறைப் பெட்டிக்குள் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.